கொடையா, உடன்படிக்கையா? பறவை காக்கும் ஊர்கள் குறித்த தமிழ் எடுத்துரைப்புகள்: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

வேடந்தாங்கல், வேட்டங்குடி, கூந்தன்குளம் முதலிய ஊர்களில் மக்கள் தலைமுறை தலைமுறையாக நீர்ப்பறவைகளைக் காத்து வருகின்றனர். இது குறித்துத் தமிழில் எழுதப்படும் செய்திகளும் கட்டுரைகளும் சுற்றுலாக் குறிப்புகளும் அச்செயலைக் கருணை, தியாகம், விருந்தோம்பல் என்னும் கருத்துகளின்வழியே விளக்குகின்றன. இவ்விளக்கங்களின் வேர் பேகன், சிபி ஆகியோரைப் பற்றிய இலக்கிய மரபில் உள்ளது. ஆயின் வேடந்தாங்கல் ஊரார் 1798இல் பெற்ற கவுல் என்னும் ஆவணம் வேறொரு பொருளை உணர்த்துகிறது. அங்கு மக்கள் பறவைக்குக் கொடை வழங்கியோராக அன்றி, அரசிடமிருந்து உறுதிமொழி பெற்றோராக நிற்கின்றனர். பறவை காக்கும் ஊர்களைக் கொடையாளராக மட்டும் எழுதுவதால் அவர்தம் உரிமை பேச்சிலிருந்து மறைகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பறவைப் பாதுகாப்பு, ஊர்ப் பொதுவுடைமை, ஏரி, கவுல், கொடைமடம், சூழலியல் திறனாய்வு.

முன்னுரை

தமிழ்ச் சூழலியல் எழுத்து இன்று தனித்துறையாக வளர்ந்துள்ளது. மா. கிருஷ்ணன் தம் தமிழ்க் கட்டுரைகளில் பறவைகளை நேரில் கண்டறிந்த நுட்பத்துடன் எழுதினார். சு. தியடோர் பாஸ்கரன் காட்டுயிர் குறித்துப் பேசுவதற்கான சொற்களைத் தமிழிலேயே தேடவேண்டும் என்பதைத் தொடர்ந்து வலியுறுத்தி வந்துள்ளார். இவ்விருவரின் முயற்சியால் பறவையைப் பெயர் சுட்டி எழுதும் பழக்கம் தமிழில் மீண்டும் வேரூன்றியது. ஆயினும் பறவையைக் காக்கும் மனிதர்களை எவ்வாறு எழுதுவது என்னும் வினா இன்னும் போதிய கவனம் பெறவில்லை. பறவையின் பெயரில் பிழை நேர்ந்தால் அதனைத் திருத்த அறிஞர் பலர் உளர். ஊரின் செயலுக்கு இடப்படும் பெயரில் பிழை நேர்ந்தால் அதனைச் சுட்டிக்காட்டுவோர் அரியர்.

பறவை காக்கும் ஊர்களைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப இடம்பெறும் சொற்கள், உவமைகள், கதையமைப்பு ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தனியொரு நூலையோ ஆசிரியரையோ குறைகூறுவது இதன் நோக்கமன்று. பொதுவழக்காகிவிட்ட ஓர் எடுத்துரைப்பு முறையே இங்கு ஆய்வுப்பொருள்.

மரபு தந்த இரு சட்டகங்கள்: பேகனும் சிபியும்

பறவைக்கு மனிதர் செய்த உதவி எனின் தமிழ்க் கல்வி பெற்றவரின் நினைவில் முதலில் எழுவோர் இருவர். ஒருவர் மயிலுக்குப் போர்வை அளித்த வையாவிக் கோப்பெரும் பேகன். மற்றொருவர் புறாவின் பொருட்டுத் தம் உடலையே தந்த சிபி. சோழர் குடியின் முன்னோனாகச் சிபி புறநானூற்றிலும் சிலப்பதிகார வழக்குரை காதையிலும் நினைவுகூரப்படுகிறார். பேகன் சிறுபாணாற்றுப்படை தொகுத்துரைக்கும் வள்ளல் எழுவருள் ஒருவராக இடம்பெறுகிறார்.

இவ்விரு கதைகளுக்கும் பொதுவான அமைப்பு ஒன்றுண்டு. கொடுப்பவர் ஒருவர், அவர் அரசர். பெறுவது பறவை, அதற்குக் கேட்கும் வாயில்லை. கொடுத்ததற்குக் கைம்மாறு இல்லை. பயன் கருதாத இப்பண்பினையே பரணர் கொடைமடம் என்று பெயரிட்டார். உடுக்கத் தெரியாத மயிலுக்கு உடை அளிப்பது அறிவின்பாற்பட்ட செயலன்று; அருளின்பாற்பட்ட செயல். அந்த மடமையே அதன் பெருமை.

இன்றைய எழுத்துகளில் இவ்வமைப்பு சிறிதும் மாறாமல் மீள்கிறது. பேகன் நின்ற இடத்தில் ஊர் நிற்கிறது. மயில் நின்ற இடத்தில் நாரையும் கூழைக்கடாவும் நிற்கின்றன. போர்வைக்கு ஈடாகப் பட்டாசற்ற தீபாவளி வருகிறது. ஊரார் எதனையும் எதிர்பாராமல் தம் மகிழ்ச்சியைத் துறந்தனர் என்று கதை நிறைவுறுகிறது. படிப்பவர் நெகிழ்வர் என்பதில் ஐயமில்லை. ஆனால் பேகன் மலைநாட்டின் தலைவன்; தன் உடைமையிலிருந்து கொடுத்தவன். வேட்டங்குடி உழவர் எதற்குத் தலைவர்? அவர்கள் கொடுப்பதாகச் சொல்லப்படும் ஏரியும் மரமும் சட்டப்படி யாருடையவை? கொடைச் சட்டகம் இவ்வினாக்களுக்கு இடமளிப்பதில்லை.

சரணாலயம், விருந்தினர், மகள்: மூன்று சொற்கள்

சொற்களிலிருந்தே தொடங்கலாம். பறவைகள் காக்கப்படும் இடத்தைச் ‘சரணாலயம்’ என்கிறோம். சரண் என்பது அடைக்கலம். அடைக்கலம் புகுவோர் தாழ்ந்த நிலையிலும் அடைக்கலம் தருவோர் உயர்ந்த நிலையிலும் வைக்கப்படுவர். பக்தி மரபின் சாயலைக் கொண்ட இச்சொல், பறவை வந்து இறைஞ்சியது போலவும் மனிதர் இரங்கியது போலவும் ஓர் உறவை முன்கூட்டியே அமைத்துவிடுகிறது. புகலிடம், காப்பகம் ஆகிய சொற்கள் இத்துணை அழுத்தமாக அப்பொருளைத் தருவதில்லை.

அடுத்த சொல் ‘விருந்தினர்’. வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகள் வெளிநாட்டு விருந்தினராக ஆண்டுதோறும் செய்திகளில் வரவேற்கப்படுகின்றன. அவை தொலைதூர நாடுகளிலிருந்து இங்கு வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துத் திரும்புகின்றன என்னும் தொடர் வழக்கமாகிவிட்டது. இது பறவையியலுக்கு முரணானது. வேடந்தாங்கலின் மரங்களில் கூடுகட்டும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், கொக்கு வகைகள் யாவும் இந்தியத் துணைக்கண்டத்திலேயே வாழ்பவை. நீரும் இரையும் நோக்கி இடம்பெயர்பவை. வடபுலத்திலிருந்து வலசை வரும் வாத்து வகைகள் குளிர்காலத்தை இங்குக் கழிக்கின்றனவேயன்றி இங்குக் கூடுகட்டுவதில்லை. அவை முட்டையிடுவது தம் வடபுலத் தாயகத்தில். ஆக, கூடுகட்டும் பறவை இவ்வூரது. வெளிநாட்டுப் பறவை இங்குக் கூடுகட்டுவதில்லை. செய்தி எழுத்து இவ்விரண்டையும் ஒன்றாக்கி ‘வெளிநாட்டிலிருந்து பிரசவத்திற்கு வரும் விருந்தாளி’ என்னும் கற்பனைப் பறவையைப் படைத்துள்ளது.

இப்பிழை தற்செயலாக நிலைபெற்றதன்று. விருந்தோம்பல் தமிழரின் தலையாய அறம் என்னும் பெருமிதத்திற்கு வெளிநாட்டுப் பறவை தேவைப்படுகிறது. உள்ளூர்ப் பறவையை ஓம்புவதில் அந்தப் பெருமிதம் கிட்டுவதில்லை. விருந்தினர் சில நாள் தங்கிச் செல்வோர். அவர்க்கு வீட்டில் பங்கில்லை. இங்கேயே பிறந்து இங்கேயே இரைதேடும் பறவைக்கு ஏரியிலும் வயலிலும் ஆண்டு முழுவதும் இடம் வேண்டும் என்னும் உண்மை விருந்து என்னும் சொல்லால் மறைக்கப்படுகிறது.

மூன்றாவது சொல் ‘மகள்’. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்திலுள்ள கொக்கரே பெள்ளூரில், கூடுகட்ட வரும் பறவைகளைப் பிறந்தகத்திற்குப் பேறுகாலம் கழிக்க வரும் மகளாக ஊரார் கருதுகின்றனர் என்பது பலராலும் பதிவு செய்யப்பட்டுள்ளது. இவ்வுவமையும் நெகிழ்ச்சி தருவதே. ஆயினும் விருந்தினர் உவமையிலிருந்து இது அடிப்படையில் வேறுபடுகிறது. பேறுகாலத்தில் தாய்வீட்டில் தங்குவது மகளுக்கு வழக்காறு வழங்கிய உரிமை. அவளைத் தாங்குவது தாய்வீட்டின் கடமை. அதில் வள்ளன்மை என்று சொல்ல ஒன்றுமில்லை. மறுத்தால் ஊர் பழிக்கும். ஆக, ஊரார் தம் உறவை விளக்கத் தேர்ந்த உவமை உரிமையையும் கடமையையும் உணர்த்த, வெளியிலிருந்து எழுதுவோர் தேர்ந்த உவமை கொடையை உணர்த்துகிறது. இந்த வேறுபாடு கருதத்தக்கது.

வேடந்தாங்கல் கவுல்: கடப்பாட்டின் திசை

வேடந்தாங்கல் என்னும் ஊர்ப்பெயர் வேடன், தாங்கல் என்னும் இரு சொற்களின் சேர்க்கையாகக் கொள்ளப்படுகிறது. தாங்கல் என்பது பாசனத்திற்கான சிறு நீர்நிலையைக் குறிக்கும். வேட்டையும் நீரும் ஒரே பெயரில் இணைந்துள்ளன. ஏரிகளை ஊரே நிர்வகித்த மரபு இப்பகுதிக்குப் புதிதன்று. இதற்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரின் முதற் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் குறித்துப் பேசுகின்றன. ஏரியைப் பொதுப்பொருளாகக் கண்டு, அதற்கென விதி வகுத்து, விதி மீறியோரைத் தண்டித்த நிர்வாக மரபின் நிலப்பகுதி இது.

இப்பின்னணியில் வேடந்தாங்கல் ஊராரின் செயலை நோக்கவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டனர். ஊரார் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ், ஏரிப் பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமையை ஏற்றுக் கவுல் வழங்கினார். 1858இல் அக்கவுல் புதுப்பிக்கப்பட்டது.

கவுல் என்னும் சொல் அரபு மூலத்தில் ‘சொல்’, ‘வாக்கு’ என்னும் பொருளுடையது. சென்னை மாகாண வருவாய் நிர்வாகத்தில் அரசு குடிகளுக்கு எழுதித்தரும் உடன்படிக்கைச் சீட்டைக் குறித்தது. இதில் வாக்குத் தருபவர் யார் என்பதே கவனிக்கவேண்டியது. பறவையைக் காப்போம் என்று ஊரார் அரசுக்கு வாக்களிக்கவில்லை. ஊரார் காத்துவரும் பறவையைச் சுடமாட்டோம் என்று அரசு ஊராருக்கு வாக்களித்தது. கடப்பாடு அரசின்மீது விழுந்தது. கட்டுப்படுத்தும் உரிமை ஊரிடம் இருந்தது. துப்பாக்கி ஏந்திய ஆட்சியின் முன் உழவர் ஊரொன்று தன் ஏரியின்மீதான ஆளுகையை எழுத்தில் நிலைநாட்டிய நிகழ்வு இது. இதனை ‘அன்றே பறவைகளிடம் கருணை காட்டிய கிராமம்’ என்று சுருக்கும்போது அந்த ஆவணத்தின் அரசியல் முழுவதும் கரைந்துவிடுகிறது.

பின்வந்த வரலாற்றில் கடப்பாட்டின் திசை மாறியது. 1936இல் வேடந்தாங்கல் பறவைகள் புகலிடமாக ஏற்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள நிலப்பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இப்போது விதிப்பது அரசு; கட்டுப்படுவோர் மக்கள். பறவைப் பாதுகாப்பின் வீச்சு இதனால் விரிவடைந்தது என்பதை மறுக்கவியலாது. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். 5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 7,850 ஹெக்டேர். ஏரி அதில் நூற்றில் அரைப்பங்குகூட இல்லை. கூடு ஏரியில் இருப்பினும் இரை சுற்றுப்புறத் தாங்கல்களிலும் நெல்வயல்களிலும் கிடைப்பதால் 1998ஆம் ஆண்டின் அறிவிப்பு சூழலியல் நோக்கில் பொருத்தமானது.

2020இல் இந்த ஆரத்தை 5 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு வெளிவந்து பரவலான எதிர்ப்பைச் சந்தித்தது. இரண்டு கிலோமீட்டர் என்பது கேட்பதற்குச் சிறிது. ஆனால் ஆரம் ஐந்திலிருந்து மூன்றாகும்போது பரப்பு 25 பங்கிலிருந்து 9 பங்காகிறது. அதாவது 64 விழுக்காடு நிலம் வெளியேறுகிறது. கவுலின் தருக்கப்படி நோக்கின், இது அரசு தானே தந்த வாக்கைத் தானே சுருக்க முனைந்த நிகழ்வு. அவ்வாறாயின், வாக்கைப் பெற்றோர் என்னும் தகுதியில் ஊராரின் இசைவு முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டும். அன்று எழுந்த எதிர்ப்புக் குரல்களில் பறவையின் வாழிடமும் ஊராரின் இருநூறாண்டுப் பரிவும் பேசப்பட்ட அளவிற்கு இந்த உரிமை வாதம் வலுப்பெறவில்லை. கருணையாளராக மட்டுமே பல்லாண்டுகள் எழுதப்பட்டவர்களுக்கு உரிமையாளராகப் பேச மொழி கிடைக்கவில்லை என்று இதனைக் கருதலாம். கொடுத்தவர்க்கு நன்றி கிட்டும். வழக்காடும் தகுதி கிட்டாது.

எச்சமும் வண்டலும்: பயன் என்னும் மாற்று விளக்கம்

கொடைச் சட்டகத்தை மறுப்போர் எளிதில் சென்றடையும் இடம் பயன் சட்டகம். இவ்விளக்கத்திற்கு வலுவான அடிப்படை உண்டு. பறவைகள் பல கல் சுற்றளவிலுள்ள நீர்நிலைகளில் மீனும் நத்தையும் உண்டு, ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில் வந்து தங்குகின்றன. அவற்றின் எச்சம் நீரில் கலக்கிறது. பரந்த நிலப்பரப்பின் சத்து ஒரு சிறு ஏரியில் குவிகிறது. மதகு திறக்கும்போது உரமேறிய நீர் ஆயக்கட்டு வயல்களில் பாய்கிறது. கோடையில் வண்டல் எடுத்து வயலில் இட்டால் அதுவும் உரம். கூந்தன்குளம், வேட்டங்குடி ஆகிய இடங்களுக்கும் இது பொருந்தும்.

இவ்விளக்கம் உண்மையே எனினும் முழுமையானதன்று. வேதியுரம் கடைகளில் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னர் எச்சத்தின் பொருளியல் மதிப்பு முன்போல் இல்லை. பயன் ஒன்றே காரணமெனின் பாதுகாப்பும் தளர்ந்திருக்கவேண்டும். அவ்வாறு நிகழவில்லை. கூந்தன்குளத்தில் பறவைகள் குளத்து மரங்களில் மட்டுமன்றி ஊருக்குள் வீட்டோரத்து மரங்களிலும் கூடுகட்டுகின்றன. அவற்றின் எச்சமும் நாற்றமும் மீன் சிதறலும் வாசலில் விழுகின்றன. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை ஊரார் எடுத்துப் பேணுகின்றனர். இதனை உரக்கணக்கால் விளக்க இயலாது.

ஆக, கொடை என்பது உறவின் பயனை மறைக்கிறது. பயன் என்பது உறவின் கடமையை மறைக்கிறது. இரண்டையும் உள்ளடக்கும் சொல்லாக ‘உடன்படிக்கை’ என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது. உடன்படிக்கையில் இருதரப்புப் பயனும் உண்டு. பயன் குறைந்த காலத்தும் கட்டுப்படுத்தும் கடப்பாடும் உண்டு. அதற்கு நினைவு உண்டு. மீறினால் கேட்கும் உரிமை உண்டு. ஊருக்கும் பறவைக்கும் இடையில் எழுதப்படாததாகவும், ஊருக்கும் அரசுக்கும் இடையில் கவுலாக எழுதப்பட்டதாகவும் வேடந்தாங்கலில் அது இருவகையிலும் நின்றது.

தீபாவளிச் செய்தி என்னும் இலக்கிய வகை

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 38.4 ஹெக்டேர். இதனையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய ஊர்களில் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஈரோட்டிற்கு அருகிலுள்ள வெள்ளோட்டைச் சுற்றிய ஊர்களிலும் இவ்வழக்கம் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் தீபாவளியன்று இச்செய்தி நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகிறது. குழந்தைகள் பட்டாசுக்கு ஏங்குவதில்லை. பெரியோர் கோயில் விழாவிலும் வெடி வைப்பதில்லை. வனத்துறையினர் வந்து ஊராருக்கு இனிப்பு வழங்குகின்றனர். ஆண்டு மாறினாலும் செய்தியின் அமைப்பு மாறுவதில்லை. இதனைத் தனியொரு இலக்கிய வகையாகவே கொள்ளலாம்.

இவ்வகையின் சிறப்பை முதலில் ஏற்கவேண்டும். ஒரு சிற்றூரின் தன்னொழுங்கை ஆண்டுதோறும் மாநிலம் முழுவதும் அறியச் செய்வது எளிய பணியன்று. பிற ஊர்கள் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகவும் அது அமைகிறது. ஆனால் அதன் வரம்புகளும் தெளிவானவை. முதலாவது, அது ஓராண்டை ஒரு நாளாகச் சுருக்குகிறது. பறவை வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது வடகிழக்குப் பருவமழையும் வரத்துக் கால்வாயின் நிலையும் கண்மாயின் கொள்ளளவும் கூடுகட்டும் மரங்களின் நலமும் ஆகும். கண்மாய் நிரம்பாத ஆண்டில் வெடிச்சத்தம் இல்லாமையால் மட்டும் நாரை கூடுகட்டிவிடாது. தூர்ந்துபோன வரத்துக் கால்வாய் செய்தியாவதில்லை. வெடிக்காத பட்டாசு செய்தியாகிறது.

இரண்டாவது, இனிப்பு. ஊரார் பட்டாசைத் துறக்கின்றனர். அரசு இனிப்பு வழங்குகிறது. கொடைக்குக் கொடை என்னும் இப்பரிமாற்றம் அன்பின் வெளிப்பாடே. ஆயினும் கவுலுடன் இதனை ஒப்பிட்டு நோக்கின் ஒரு வீழ்ச்சி புலப்படும். அன்று அரசு ஊருக்குத் தந்தது கட்டுப்படுத்தும் ஆவணம். இன்று தருவது பாராட்டு. பாராட்டை அடுத்த ஆண்டு நிறுத்திவிடலாம். ஆவணத்தை அவ்வாறு நிறுத்தவியலாது.

பிற மாநிலச் சான்றுகள்

பாதுகாப்பு என்பது தொன்மையான நம்பிக்கையின் எச்சம் என்று தமிழ் எழுத்துகள் கருதும் போக்கினைப் பிற மாநில நிகழ்வுகள் ஐயத்திற்குள்ளாக்குகின்றன. அசாமின் காமரூப் மாவட்டத்தில் ஹர்கிலா எனப்படும் பெரிய நாரையினம் பிணந்தின்னும் பழக்கத்தால் அருவருப்புக்கும் அபசகுனம் என்னும் எண்ணத்திற்கும் உள்ளாகியிருந்தது. அது கூடுகட்டிய மரங்களை உரிமையாளர் வெட்டினர். உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன் ததரா முதலிய ஊர்களின் பெண்களைத் திரட்டினார். நாரைக்கு வளைகாப்பை ஒத்த சடங்கு நிகழ்த்தினர். நெசவில் நாரையின் உருவம் இடம்பெற்றது. 2022இல் அவர் ஐக்கிய நாடுகள் அவையின் புவிக்கான சாதனையாளர் விருதைப் பெற்றார். இங்கு மரபு காத்திருக்கவில்லை, கண்முன்னே உருவாக்கப்பட்டது.

நாகாலாந்தின் பாங்தி ஊருக்கருகில், டோயாங் நீர்த்தேக்கப் பகுதியில் வலசை செல்லும் அமூர் வல்லூறுகள் பெருந்தொகையாக வலையிட்டுப் பிடிக்கப்பட்டது 2012இல் வெளியுலகிற்குத் தெரியவந்தது. அடுத்த ஆண்டே ஊர் மன்றங்களின் முடிவால் அவ்வேட்டை நின்றது. வேட்டையால் வருவாய் ஈட்டியோரே அதனைக் கைவிட்டனர். இழப்பைத் தாங்கியோர் யார் என்பது அங்கு வெளிப்படையாகப் பேசப்பட்டது. முன்னர்ச் சுட்டிய கொக்கரே பெள்ளூரிலும் எச்சத்தால் புளி விளைச்சல் கெடுவதை ஏற்றுக்கொண்டு, கூடு தாங்கும் மரங்களுக்கு வனத்துறை ஈட்டுத்தொகை வழங்கும் ஏற்பாடு உருவானது. 2007இல் அவ்வூர் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வனவுயிர்ச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த இவ்வகைக் காப்பகத்தின் நிர்வாகக் குழுவில் ஊரின் பிரதிநிதிகளுக்கு இடமுண்டு. இழப்பு, ஈடு, பங்கேற்பு என்னும் சொற்கள் அங்கு இயல்பாகப் புழங்குகின்றன. தமிழ் எடுத்துரைப்பிலோ ஈடு பற்றிப் பேசினாலே தியாகத்தின் தூய்மை கெட்டுவிடும் என்னும் தயக்கம் காணப்படுகிறது.

சொல்லப்படாதோர்

பேகனின் கதைக்கு மற்றொரு பக்கம் உண்டு. அதனைத் தந்ததும் சங்கப் புலவர்களே. புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் பேகனால் துறக்கப்பட்ட அவன் மனைவி கண்ணகியின் துயரைப் பேசுகின்றன. மயிலுக்குப் போர்வை அளித்ததைப் புகழ்ந்த பரணரே, தாம் பரிசில் நாடி வரவில்லை என்றும், அவள் துயர் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்றும் அவனிடம் இரக்கிறார். மயிலின் குளிரை உணர்ந்தவன் மனைவியின் துயரை உணரவில்லை. அருளின் எல்லைக்கு வெளியே நிற்பவரைச் சுட்டிக்காட்டுவதும் புலவர் கடமை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை. இன்றைய எழுத்து பேகனின் முதற்கதையை எடுத்துக்கொண்டு இரண்டாம் கதையை விட்டுவிட்டது.

பறவை காக்கும் ஊரின் கதையில் விடுபடுவோர் யார்? வீட்டு மரத்தில் பறவை கூடுகட்டும் ஊரில் எச்சம் விழுந்த வாசலை நாள்தோறும் கூட்டும் உழைப்பு பெரிதும் பெண்களுடையது. கதையில் ‘ஊர்மக்கள்’ என்னும் பொதுச்சொல்லில் அது கரைகிறது. கண்மாய் மீன், மேய்ச்சல், விறகு ஆகியவற்றை நம்பியிருந்த நிலமற்றோர்க்குச் சரணாலய அறிவிப்பின் பொருள் வேறு. ஆயக்கட்டில் வயல் உள்ளவர்க்கு அதன் பொருள் வேறு. எச்சம் கலந்த நீர் வயல் உடையவர்க்கே உரமாகும். குருவிக்காரர் என்று பறவையின் பெயராலேயே அழைக்கப்பட்ட சமூகத்தார் இக்கதைகளில் பெரும்பாலும் அச்சுறுத்தலாகவே தோன்றுகின்றனர். பறவைகளின் வழித்தடமும் பழக்கமும் பற்றிய அவர்களது அறிவு பாதுகாப்பிற்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணம் அரிதாகவே எழுதப்படுகிறது. நரிக்குறவர், குருவிக்காரர் ஆகியோர் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023இல்தான். ஊரின் ஒருமித்த கருணை என்னும் சித்திரம் ஊருக்குள்ளும் ஊருக்கு வெளியிலும் உள்ள இவ்வேறுபாடுகளை மூடிவிடுகிறது. உடன்படிக்கை என்று எழுதினால், யார் யாருக்கிடையில் என்னும் வினா தானே எழும்.

முடிவுரை

பறவை காக்கும் ஊர்கள் குறித்த தமிழ் எழுத்துகள் பேகன், சிபி ஆகிய மரபுச் சட்டகங்களைப் பின்பற்றி ஊராரைக் கொடையாளராகவும் தியாகியராகவும் படைக்கின்றன. சரணாலயம், விருந்தினர் ஆகிய சொற்கள் இப்படைப்பிற்குத் துணைநிற்கின்றன. கூடுகட்டும் பறவையை அயல்நாட்டதாக்கும் பிழையும் இதன் விளைவே. வேடந்தாங்கல் கவுலோ ஊராரை அரசிடம் வாக்குப் பெற்ற உரிமையாளராகக் காட்டுகிறது. பயனால் மட்டும் இவ்வுறவை விளக்க முயல்வதும் குறையுடையதே. உடன்படிக்கை என்னும் கருத்து பயன், கடமை, உரிமை ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்கவல்லது.

இதன்வழி மேலாய்வுக்குரிய பணிகள் சில புலனாகின்றன. செங்கல்பட்டு வருவாய் ஆவணங்களில் கவுல் பற்றிய குறிப்புகளை முழுமையாகத் தொகுக்கவேண்டும். வேட்டங்குடி என்னும் பெயர் வேட்டம் என்னும் சொல்லுடன் தொடர்புடையதா என்பதை ஊர்ப்பெயராய்வும் கல்வெட்டுச் சான்றும் கொண்டு தெளியவேண்டும். கூந்தன்குளம், வேட்டங்குடி ஊரார் தம் பறவைகளைக் குறிக்க எச்சொற்களைக் கையாள்கின்றனர் என்பதைக் கள ஆய்வின்வழிப் பதியவேண்டும். அதில் பெண்களின் சொற்களும் நிலமற்றோரின் சொற்களும் தனியே இடம்பெறவேண்டும்.

வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உலகளாவிய ஏற்பு கிடைத்துள்ளது. அந்த ஏற்புக்கு இரு நூற்றாண்டுக்கு முன்னரே துப்பாக்கியைத் தடுத்து எழுத்துப் பெற்ற ஊரை, அடுத்த தீபாவளிச் செய்தியில் எந்தச் சொல்லால் குறிக்கப்போகிறோம் என்பது எழுதுவோர் கையில் உள்ளது. கருணையாளர் என்று எழுதினால் அவர்களுக்கு இனிப்பு கிடைக்கும். கவுல் பெற்றவர்கள் என்று எழுதினால், அடுத்த முறை எல்லை சுருக்கப்படும் போது அவர்களிடம் கேட்டாக வேண்டும்.